சத்தம் போடாத ஊர்

மார்ச் 4

அன்புள்ள சிட்டு,

அம்மாவின் முழங்காலையும் என்னுடைய வாயையும் தவிர்த்துப் பார்த்தால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். தப்பென்றால் மறு தபாலில் திருத்தவும்.

உன் சுற்றுலாத் துறை தலைநகரத்தில் உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலை இந்த மலை உச்சி வரைக்கும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியமானால் ஏரிக்கரை முழுக்கத் தலைகள்தான். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று விசாரித்துத்தான் பார்க்க வேண்டும். நம் தெருவில் பாதி வீட்டு வாசலில் ‘அறை வாடகைக்கு’ என்று பலகை தொங்குகிறது. அடுத்த வீட்டுத் தையல்காரர்கூட மிஷினைப் பின்கட்டுக்கு நகர்த்திவிட்டு முன்னறையை விட்டிருக்கிறார். வந்திருக்கிற ஜோடிக்கு மிஷின் சத்தம் ஆகவில்லையாம். “சொந்த வீட்டுல இருமணும்னாகூட வெளியில போய் இருமிட்டு வரேன் டிரைவரே, இதுக்குப் பேர்தான் முன்னேற்றம்” என்கிறார்.

என் கதையைக் கேள். போன சனிக்கிழமை மார்வலிக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு சைரன் போட்டபடி ஏரிக்கரை வழியாக வந்தேன். தொப்பி போட்ட விருந்தாளி ஒருவர் ஆம்புலன்ஸை மறித்து, “ஏங்க, அமைதிக்காகத்தான் நாங்க இவ்வளவு தூரம் வந்திருக்கோம்” என்றார். நான் விடுவேனா? “ஐயா, உள்ளே படுத்திருக்கிறவரும் அமைதியைத்தான் தேடிப் போறார். நான் சத்தம் போடலேன்னா ரொம்ப அமைதியாப் போய்ச் சேர்ந்துடுவார்” என்றேன். மார்வலிக்காரரே ஸ்ட்ரெச்சரில் குலுங்கிச் சிரித்தார். பிழைத்தும் கொண்டார்.

எனக்கு ஒரு யோசனை. உன் ஆபீஸில் ஏரியை விற்கிறீர்கள், மலையை விற்கிறீர்கள். அமைதியை ஏன் விற்கக் கூடாது? ‘ஹாரன் அடிக்காத ஊர்’ என்று ஒரு பலகை போட்டால் போதும். சரக்குக்கு முதல் கிடையாது, கெட்டுப்போகவும் செய்யாது. எட்டாம் வகுப்பில் என்னைக் கழித்துக்கட்டிய வாத்தியார் இதைக் கேட்டிருந்தால் அழுதிருப்பார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா

*

ஏப்ரல் 10

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

சிட்டு வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவின் முழங்காலுக்கு இதற்குள் குணமாகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அப்பாவின் வாய்க்கு வேண்டுதல் பலிக்காது.

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. உறுதியான பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். டிசம்பர் முதல் வாரம் நீங்கள் தாத்தா ஆகிறீர்கள்.

இதை எழுதிவிட்டு ஐந்து நிமிஷம் பேனாவை மூடி வைத்திருந்தேன். போன தடவை மூன்றாம் மாதத்திலேயே எல்லாம் கலைந்துபோனது நினைவிருக்கும். அதனால் அக்கம்பக்கத்தில் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். (தையல்காரர் மாமாவிடம் நீங்கள் சொல்லாமல் இருக்கப்போவதில்லை. அவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

ஜூனில் இவர் கப்பலுக்குப் போய்விடுவார், திரும்ப எட்டு மாதமாகும். வீட்டைக் காலி செய்துவிட்டு வேலை பார்க்கும் பெண்கள் விடுதியில் சேரப்போகிறேன். அங்கே அம்மாவைக்கூட ராத்திரி தங்கவிட மாட்டார்கள். எனவே பிரசவத்துக்கு அங்கேதான் வரப்போகிறேன். நான் பிறந்த அதே ஆஸ்பத்திரி, என்னைத் தலைகீழாகப் பிடித்து அழவைத்த அதே நர்ஸம்மா. இந்த நகரத்தில் டாக்டர் என் முகத்தைப் பார்ப்பதற்குள் அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

உங்கள் அமைதி வியாபாரத்தை ஆபீஸில் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அதிகாரி மட்டும் முதலில் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தி, “இன்னொரு தரம் படிங்க” என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

பாசத்துடன்
சிட்டு

*

ஏப்ரல் 22

என் தங்கமே சிட்டு,

இங்கே சுகம் என்று எழுதினால் போதாது. உன் அம்மா நொண்டுவதை நிறுத்திவிட்டாள். சமையலறைக்கும் வாசலுக்குமாக நடக்கிற நடையைப் பார்த்தால் முழங்கால் வலியெல்லாம் என்னை வேலை வாங்குவதற்காகச் செய்த ஏற்பாடோ என்று சந்தேகமாக இருக்கிறது.

தையல்காரரிடம் நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். “பேரன் பொறந்தா சட்டை என் கூலி, பேத்தின்னா கவுனு என் கூலி. துணி மட்டும் உங்களது. நான் ஏமாளின்னு நினைக்காதீங்க” என்றார். நர்ஸம்மாவிடம் மட்டும் நானாகச் சொன்னேன். உடனே என்னை ஸ்டூலில் உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பிரஷர் எவ்வளவு, காலையில் முகம் வீங்குகிறதா, தலைவலி உண்டா. “எனக்கா கேட்கிறீங்க?” என்றேன். “உங்களுக்கு எல்லாம் இருக்கும்னு தெரியும். பொண்ணுக்கு எழுதிக் கேளுங்க” என்றார். கேட்டுவிட்டேன், பதில் எழுது. முதல் பிரசவம், அதிலும் போன தடவை அப்படி ஆனதால் தன் கண்முன் இருக்க வேண்டும் என்கிறார். நவம்பர் நடுவிலேயே வந்துவிடு.

நம் ஊர் சுற்றுலாக் குழுத் தலைவர் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்திருந்தார். மூன்று மாடி ஓட்டல் கட்டியதிலிருந்து ஊரில் அவருக்கு மூணுமாடி என்றே பெயர். ஏரியைப் பார்த்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். “நோயாளிங்களுக்கு எதுக்குய்யா இவ்வளவு காட்சி? கண்ணை மூடிக்கிட்டுத்தானே படுத்திருக்காங்க” என்றார். நல்ல நகைச்சுவை என்று நானும் சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, படிக்கட்டில் ஓடாதே.

தாத்தாப் பதவிக்கு இப்போதே குனிந்து நடந்து பழகும்
அப்பா

*

ஜூலை 8

அன்புள்ள அப்பா, அம்மா,

நலம். அங்கும் நலம்தானே? இவர் கப்பலேறி இரண்டு வாரமாகிறது. விடுதி அறைக்கு வந்துவிட்டேன். ஒரு கட்டில், ஒரு மேஜை, கம்பி போட்ட ஜன்னல். எட்டிப் பார்த்தால் எங்கள் துறை ஒட்டிய சுவரொட்டியே தெரிகிறது. நான் எழுதிய வாசகத்தை நானே படித்துக்கொண்டு தூங்குகிறேன்.

பெரிய செய்தி அப்பா. உங்கள் யோசனை திட்டமாகிவிட்டது! ‘சத்தம் போடாத ஊர்’ என்று நான்தான் பெயர் வைத்தேன். முதல் மாதிரி ஊராக நம் ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்த வருஷம் நாட்டின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சுற்றுலாவிலிருந்து வருகிறது. சுரங்கங்களை முந்தியாகிவிட்டது, அடுத்து துணி ஆலைகளையும் முந்திவிடுவோம் என்று மந்திரியின் உரையில் நான்தான் எழுதினேன். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. கடைசி வரிசையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். உள்ளே இருக்கிறவரும் தட்டுகிற மாதிரி இருந்தது.

நம் ஊர்த் திட்டம் நன்றாக நடந்தால் ஜனவரியில் என் வேலை நிரந்தரமாகும் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். “உங்க ஊர் ஜெயிச்சா நீங்க ஜெயிச்ச மாதிரி” என்றார். ஊரில் எல்லோரும் ஒத்துழைப்பார்கள்தானே?

பிரசவத்துக்குப் பிறகு வேலை இருக்கும் என்ற தைரியம் இல்லாமல் ஒரு பிள்ளையைக் கையில் ஏந்த எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

பாசத்துடன்
சிட்டு

*

ஜூலை 30

அன்புள்ள சிட்டு,

நாங்கள் சுகம். நீ சுகமா? உள்ளே இருக்கிற தட்டுகிறவர் சுகமா?

உன் திட்டம் வந்து இறங்கியாகிவிட்டது. தெருவுக்குத் தெரு பலகை. படத்தில் ஒரு அம்மா உதட்டில் விரல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். உன் அம்மாவை அப்படி நிற்கவைக்க நான் இருபத்தெட்டு வருஷம் முயற்சி செய்து தோற்றவன்.

ஊரின் கீழ்முனையில் தடுப்புக் கட்டை போட்டிருக்கிறார்கள். பகல் முழுக்க எந்த மோட்டார் வண்டியும் உள்ளே வரக் கூடாது. விருந்தாளிகள் தள்ளுவண்டியில் ஜாலியாகப் போகிறார்கள். ஆம்புலன்ஸும் மோட்டார் வண்டிதானே, அதனால் கட்டைக்கு வெளியே நிற்கிறது. யாரையாவது அடிவார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கட்டை வரைக்கும் தள்ளுவண்டியில் கொண்டுவர வேண்டும். சைரனைக் கழற்றிவிட்டார்கள். கழற்ற வந்த மெக்கானிக், “யாரோ பெரிய மூளைக்காரன் கொடுத்த யோசனையாம் டிரைவரே” என்றான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். “மூளைக்காரனுக்கு எட்டாம் கிளாஸ்தான்ப்பா படிப்பு” என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

சிரமமெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. ஊரில் காசு புழங்குகிறது, நல்லதுதான். யார் வீட்டிலும் இப்போது கடனுக்குச் சண்டை இல்லை. நர்ஸம்மா குடியிருந்த வீட்டை மட்டும் வீட்டுக்காரர் விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டார். இப்போதைக்கு ஆஸ்பத்திரி மருந்தறையிலேயே படுத்துக்கொள்கிறார். அங்கிருந்தே கேட்கச் சொன்னார்: உன் கல்யாண மோதிரம் விரலில் இறுகாமல் சுலபமாகக் கழல்கிறதா? போன தடவை கேட்டதற்கே நீ பதில் எழுதவில்லை.

“எல்லாத்தையும் எழுதுறீங்களா, இல்ல சிரிக்கிறதை மட்டும் எழுதுறீங்களா?” என்று உன் அம்மா பக்கத்திலிருந்து கேட்கிறாள். எல்லாம் எழுதியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

வேலையை நினைத்துப் பயப்படாதே. ஊர் ஜெயிக்கும்.

உன்
அப்பா

*

செப்டம்பர் 12

அன்புள்ள அப்பா, அம்மா,

இங்கு நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

வேலை முதுகை முறிக்கிறது. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வரப்போகிறார்கள், அவர்களுக்காக நம் ஊரைப் பற்றிப் புதுச் சிற்றேடு போடுகிறோம். குழுத் தலைவர் அனுப்பிய படங்கள் நேற்று வந்தன. அடேயப்பா, ஏரிக்கரையில் என்ன அழகான ஓய்வு இல்லம்! வெள்ளைச் சுவர், நீல ஜன்னல், எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் அறைகள். படத்தை மேஜையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஜன்னல் வரிசையை எங்கோ பார்த்த மாதிரியே இருக்கிறது. அது நம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கட்டடம்தானே அப்பா?

அம்மா ஏன் எனக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை? முன்பெல்லாம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதுவாளே.

கால் வலிக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பதால் இருக்கும். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான். விடுதிச் சாப்பாட்டில் உப்பைக் கண்டவர் யாரும் இல்லை, அதனால் சுலபம்.

பாசத்துடன்
சிட்டு

*

அக்டோபர் 20

அன்புள்ள சிட்டு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுதப் பேனாவை எடுத்தால் மை இல்லை, மை இருந்தால் நேரமில்லை, இரண்டும் இருந்தால் தூக்கம் வந்துவிடுகிறது. வயசாகிறதல்லவா.

ஆஸ்பத்திரியில் வெள்ளையடிக்கிறார்கள். அந்தக் கலாட்டாவில் எதை எங்கே வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கூடிய சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும். உன் பிரசவத்தைப் பற்றி மூணுமாடியிடமே போய்ச் சொன்னேன். தோளில் தட்டி, “நம்ம சிட்டு இல்லையா! அவ பிள்ளை பெறத்தானேய்யா போறா, போருக்கா போறா? அதுக்குள்ள எல்லாம் புதுசா ரெடியாயிடும்” என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். பெரிய மனுஷன், வாக்குத் தவற மாட்டார். இப்படித்தான் தினமும் உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நோயாளிகள் குறைந்துவிட்டதால் சும்மா நிற்கிற ஆம்புலன்ஸில் விருந்தாளிகளின் பெட்டிகளை ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். பக்கவாட்டில் ஒரு வாத்துப் படம் வரைந்தாயிற்று. பெட்டி முனகுவதில்லை, வாந்தி எடுப்பதில்லை, “இன்னும் எவ்வளவு தூரம்” என்று கேட்பதுமில்லை. இத்தனை நல்ல நோயாளிகளை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

எதிர்மலையை வெட்டிப் புதுச் சாலை போடுகிறார்கள். அது நாம் பஸ் மாறுகிற அடிவாரச் சந்திப்புக்கே வராதாம். வெளியூர் விருந்தாளிகளை நேராக ஏரிக்கரைக்கே கொண்டுவந்து இறக்குமாம். ஜனவரியில் மந்திரி வந்து திறக்கிறார். அதுவரை பகலெல்லாம் பாறையை உடைக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு மட்டும் தடையில்லை.

முன்னறையை உனக்காக ஒழித்து வைத்திருக்கிறோம். தெருவிலேயே பலகை தொங்காத வீடு நம்முடையதுதான். உன் அம்மா அதை யாருக்கும் விடமாட்டேன் என்று நிற்கிறாள். அவள் ஓரத்தில் எழுதாததற்குக் காரணம் அவளுக்கு என்மேல் கோபம். சின்னக் கோபம்தான். வா.

உன்
அப்பா

*

நவம்பர் 3

அன்புள்ள அப்பா, அம்மா,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

லீவு கேட்டிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் கிளம்பிவிடுவேன், தேதி பிறகு எழுதுகிறேன். நர்ஸம்மா கேட்ட மோதிரத்தைப் போன வாரம் சோப்புப் போட்டுக் கழற்றி வைத்துவிட்டேன். விரலில் அதன் தடம் இன்னும் இருக்கிறது. கூட வேலை பார்க்கிற அக்கா, “எல்லாருக்கும் வீங்கும்டீ, அலட்டிக்காதே” என்கிறாள்.

நீங்கள் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வெள்ளையடித்து முடித்துவிட்டார்களா?

பாசத்துடன்
சிட்டு

*

நவம்பர் 17

சிட்டு,

சுகம் விசாரித்து இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க வரவில்லை.

நம் தையல்காரர் போய்விட்டார். நேற்றுக் காலை ஓய்வு இல்லத்துக்குத் திரை அளவெடுக்கப் போன இடத்தில் மார்வலி. ஆள் வந்து சொன்னதும் ஓடினேன். தள்ளுவண்டியில் தூக்கிப் போட்டு நானும் வண்டிக்காரரும் தள்ளினோம். ஏரிக்கரையில் அன்றைக்குப் பத்திரிகைக்காரர்களுக்காகப் படகு ஊர்வலம். ஜனம் வழி முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. “வழி விடுங்க, வழி விடுங்க” என்று கத்தினேன். ஒரு அம்மா திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். சில பேர் இதுவும் ஊர்வலத்தில் ஒரு காட்சி என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். கட்டையிடம் வந்தால் காவல்காரன், “படகு முடியட்டும் அண்ணே, தலைவர் உத்தரவு” என்கிறான். நானே கட்டையைத் தூக்கினேன். ஆம்புலன்ஸுக்குள்ளோ கூரை முட்டப் பெட்டிகள். அதையெல்லாம் ரோட்டில் தூக்கி எறிந்துவிட்டு அவரைப் படுக்கவைத்தேன்.

மலை இறங்கும்போது என்னைக் கூப்பிட்டார். “டிரைவரே, மெதுவாப் போங்க. விருந்தாளிங்க தூங்குறாங்க” என்றார். நான் சிரித்தேன் சிட்டு. சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். பாதி மலையிலேயே முடிந்துவிட்டது.

ஏன் மலை இறங்கினேன் என்று கேட்பாய். மேலே ஆஸ்பத்திரி இல்லை. நீ படத்தில் பார்த்த ஓய்வு இல்லம்தான் நம் ஆஸ்பத்திரி. நீ பிறந்த அறையில் எண்ணெய் தேய்க்கிறார்கள். ஆகஸ்டிலேயே டாக்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நர்ஸம்மாவையும் அடிவார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே சந்தைக்குப் பின்னால் ஒரு அறையும் கட்டுப்போடும் கம்பவுண்டரும் மட்டும்தான். இதை உனக்கு எழுதச் சொல்லித்தான் உன் அம்மா என்னோடு பேசாமல் இருந்தாள். மூணுமாடியின் வாக்கை நம்பினேன். ஊர் தோற்றது என்று எழுதினால் உன் வேலையும் போய்விடுமே என்று நினைத்தேன். நீ வந்து முன்னறையில் படுத்திருப்பதைப் பார்க்கவும் ஆசைப்பட்டேன்.

இங்கே வராதே. அங்கேயே ஆஸ்பத்திரியில் போய்ப் படு. மோதிரத்தைப் பற்றி நர்ஸம்மாவிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. ஒரு நாளும் தள்ளிப்போடாதே. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன், விடுதி வாசலில் படுத்துக்கொள்கிறோம்.

இந்தக் கூட்டத்தில் தபால் எப்போது போய்ச் சேருமோ தெரியவில்லை.

அப்பா

*

நவம்பர் 20

அன்புள்ள அப்பா, அம்மா,

நலம். ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதமே இல்லை. அம்மாவுடைய கோபம் தீர்ந்ததா?

எனக்கு அடித்தது யோகம். புதுச் சாலை வேலை முன்கூட்டியே முடிந்துவிட்டதாம். திறப்பு விழா ஜனவரியில்தான், ஆனால் அதற்குமுன் எங்கள் துறை ஆட்களை வைத்து ஒரு சோதனை ஓட்டம். வெள்ளை பஸ், சாய்ந்து படுக்கிற இருக்கை. எனக்கும் ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். 22 சாயங்காலம் இங்கே ஏறினால் 23 மதியத்துக்கு மேல் ஏரிக்கரையிலேயே இறங்கிவிடலாம். அடிவாரச் சந்திப்பில் பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து வருகிற வேலையே இல்லை. “உங்க ஊர், உங்க திட்டம், முதல் பயணியும் நீங்களே” என்றார் அதிகாரி. அவருக்கு அன்றைக்கு நல்ல மூட்.

இரண்டு நாளாகத் தலைவலி. எழுதும்போது கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிற மாதிரி இருக்கிறது. கம்பி ஜன்னல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால்தான். அங்கே வந்து நர்ஸம்மா மடியில் தலையை வைத்தால் போய்விடும். அவரை எங்கும் போய்விடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

தையல்காரர் மாமாவுக்குத் துணி வாங்கிவிட்டேன். சட்டைக்கும் ஆகும், கவுனுக்கும் ஆகும். ஏமாளி யாரென்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

விரைவில் உங்கள் முன்னால் நிற்கப்போகும்
சிட்டு

*

நவம்பர் 23, அடிவாரச் சந்திப்பு

என் தங்கமே சிட்டு,

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இறங்குகிற நேரத்தில் நான் கண்ணயர்ந்திருந்தால் கடைக்காரர் இதை உன் கையில் கொடுப்பார். வயிறும் பையுமாக இறங்குகிற பெண் என்று அடையாளம் சொல்லியிருக்கிறேன். “அண்ணே, நீங்க தூங்கினா ஊருக்கே கேட்கும், அதை வெச்சே அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சுடும்” என்கிறார்.

தையல்காரரின் காரியம் முடித்து இன்றைக்குத்தான் நாங்கள் உன்னிடம் கிளம்புவதாக இருந்தோம். காலையில் தபால் ஆபீஸில் விருந்தாளிகளின் வரிசை முடியும்வரை நின்று, நாலு நாளாகக் கிடைக்காத உன் ஆபீஸ் லைனைப் பிடித்தேன். “அவங்க நேத்து சாயந்திரமே பஸ் ஏறிட்டாங்களே” என்றான் ஒரு பையன். மேற்கொண்டு கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. அப்படியானால் என் கடிதம் உனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தும் வருகிறாய் என்றால் நீ என் மகள்தான், சொன்ன பேச்சுக் கேட்க மாட்டாய்.

பரவாயில்லை. இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். நம் ஊருக்கு எந்த பஸ் வந்தாலும் இந்தச் சந்திப்பில் நின்றுதான் மேலே ஏற வேண்டும். பதினெட்டு வருஷமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா? ஆம்புலன்ஸில் இருந்த பெட்டிகளை இறக்கி மூணுமாடியின் வாசலில் அடுக்கிவிட்டு, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். நர்ஸம்மா இங்கே இருக்கிறார், நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். கட்டில் போட்டு, ஊசி மருந்தெல்லாம் எடுத்து வைத்து, டாக்டரையும் வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார். “வந்த உடனே அரை நிமிஷம்கூட நின்னு பேசக் கூடாது, நேரா இங்க கொண்டு வந்துடணும்” என்று எனக்கு உத்தரவு. இனிமேல் பயமில்லை.

உன் அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ எப்படியாவது நேராக வீட்டுக்கு வந்துவிட்டால் வாசலில் ஒரு ஆள் இருக்க வேண்டுமே. காலையில் அவள் என்னோடு பேசினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு. “பத்திரமா கூட்டிட்டு வாங்க” என்றாள், அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதும்.

இதுவரைக்கும் வந்த பஸ்களிலெல்லாம் ஏறிப் பார்த்துவிட்டேன். ஒரு கண்டக்டர் என்னைப் பிக்பாக்கெட் என்று நினைத்துவிட்டான். என் மூஞ்சிக்கு அந்த அளவு கெட்டிக்காரத்தனம் யாரும் கொடுத்ததில்லை. அடுத்த பஸ் வரும் நேரம்தான். எதிர்மலையில் வெள்ளையாக ஒரு பஸ் புதுச் சாலையில் ஊர்ந்து ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் திறக்கவே இல்லை, அதற்குள் யாரோ பெரிய மனுஷர்களுக்கு ஓட்டிக் காட்டுகிறார்கள் போலிருக்கிறது. கடைக்காரர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு, “கொடுத்து வெச்சவங்க அண்ணே, ஆடாம அசையாம போறாங்க” என்கிறார். வளைவில் திரும்பி மறைந்தும்விட்டது.

நீ வந்து சேர்ந்துவிட்டால் போதும். எனக்கு இப்போது இருக்கிறது ஒரே ஒரு கவலைதான். மலைமேல் இருந்த ஒரே ஆம்புலன்ஸையும் நான் கொண்டுவந்துவிட்டேன். நாம் திரும்புகிறவரைக்கும் அங்கே யாருக்கும் எதுவும் ஆகாமல் இருக்க வேண்டும்.

பாதையைப் பார்த்தபடி
அப்பா